மரியாம்பிள்ளை அண்ணையின் படம் போட்ட நோட்டீஸ்

போன மாதம் நான் வேலை செய்த பழைய கந்தோரிலிருந்து மூன்று பிள்ளைகள் வேலணையில் என் வீடு தேடி வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படிக்கிறவர்கள், மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. தேத்தண்ணி குடித்து முடிய ஒருத்தி கைபேசியை எழுதுகிற பாவனையில் பிடித்துக்கொண்டு, "அன்ரி, முதல் பயிற்சியிலை கூடின பிரயோசனம் எடுக்கிறதுக்கு ஒரு அஞ்சு விஷயம் சொல்லுங்கோ" என்றாள்.

ஐந்து! நேரத்துக்குப் போங்கோ, கேள்வி கேட்கக் கூச்சப்படாதையுங்கோ என்று என்னவோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகு நான் ஒரு கொப்பியைத் தேடி எடுத்தேன். அவர்கள் கேட்டதற்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை வருடமும் வெட்கப்பட்டேன். ஓய்வும் பெற்றாயிற்று, இனி என்ன வெட்கம் என்று எழுதத் தொடங்குகிறேன்.

நான் பயிற்சிக்குப் போனது இருபத்திரண்டு வயதில் அல்ல, நாற்பத்தெட்டில். அதற்கு முன் இருபது வருடம் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுத்தவள். கடையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியாது. யாழ்ப்பாணத்தில் சனி ஞாயிறு நடந்த டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தேன். கடைசியில் மூன்று மாதம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்து, அவர்களிடம் கடிதம் வாங்கினால்தான் சான்றிதழ். மீனவர்களுக்கு ஐஸ் பெட்டி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று, தீவுப்பகுதியைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தது. என்னோடு சேர்ந்த மற்ற இருவரும் என் மகள் வயதுப் பிள்ளைகள். மடிக்கணினி, ஆங்கிலம், எல்லாம் விரல் நுனியில். என்னிடம் ஒரு கொப்பியும் குடையும். இந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் இந்த வயதில் இன்னொருவர் என்னைக் கூப்பிடப்போவதில்லை என்ற பயமும் காலையில் என்னோடு பஸ் ஏறும்.

எங்கள் மேலாளர் நிரோஷன் சேர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னைப் "பத்மா அக்கா" என்பார், நான் அவரைச் "சேர்" என்பேன். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதே இல்லை. பிழை விட்டால் பென்சிலை மேசையில் படுக்கவைத்துவிட்டு ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்ப்பார். ஐயோ, அந்த ஒரு நிமிடத்துக்கு நாலு ஏச்சு வாங்கியிருக்கலாம்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்த நோட்டீசும் அச்சிலிருந்து வந்தவுடன் ஒரு பிரதியைக் கந்தோரின் வெளிச்சுவரில் ஒட்டுவார். வீதியால் போகிற மூன்று பேரை, எங்களைத் தெரியாதவர்களாகப் பார்த்து மறிப்பார். ஐந்து எண்ணும் வரை பார்க்கவிட்டு, ஒரு மட்டையால் நோட்டீசை மறைத்துவிடுவார். பிறகு கேட்பது ஒரே கேள்வி: "என்ன கண்டனீங்கள்?"

"எப்பிடி இருக்கெண்டு கேக்கக்கூடாது அக்கா. கேட்டால் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவினம். என்ன கண்டதெண்டு கேளுங்கோ. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கோ, திருத்தாதையுங்கோ" என்பார். ஒருமுறை ஒரு சைக்கிள்காரர் எங்கள் ஐஸ் பெட்டி நோட்டீசைப் பார்த்துவிட்டு, "கட்டில் விக்கினமாக்கும்" என்றார். சேர் அதை அப்படியே எழுதிவிட்டு, அடித்து வந்த நோட்டீஸ் கட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்தார். எனக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. சங்கக்கடையில் இருபது வருடம் சனத்தோடு பழகிய எனக்கு வீதியில் போகிறவன் வந்து சொல்லித்தரவேணுமோ என்ற திமிர்.

பயிற்சியின் ஏழாவது வாரம் எனக்கு முதல் சொந்த வேலை கிடைத்தது. பெட்டியைப் பாவிக்கிற ஒரு மீனவரின் படத்தோடு தீவுப்பகுதிக்கு ஒரு நோட்டீஸ். நான் சுருவில் என்ற ஊரைச் சேர்ந்த மரியாம்பிள்ளை அண்ணையைத் தேர்ந்தெடுத்தேன். அறுபத்தைந்து வயது, நல்ல பேர், ஊர்காவற்றுறைப் பக்கம் அவரைத் தெரியாத ஆள் இல்லை. அந்த நாட்களில் அவர் புங்குடுதீவில் இறுப்பிட்டிக் கரையில் வாடி போட்டு, அந்த ஓலைக்கொட்டிலில் தங்கித்தான் தொழில் செய்தார். சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். அங்கே போய்ப் படம் எடுத்தேன். தன் மூத்த மகன் யூட் பிரான்சில் இருப்பதையும், இரண்டு வருடமாக அகதி வழக்கு இழுபடுவதையும் அவர் அன்றுதான் சொன்னார்.

"இடையிலை ஒருக்கா இஞ்சை வந்தால் கேஸ் குளோஸ். திரும்பிப் போகேலாது. என்ன செய்யிறது பிள்ளை, போனிலை முகத்தைப் பாக்கிறம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் போனேன். நிரோஷன் சேர் கொழும்பில். கலர் மெஷின் பழுது, வெள்ளிக்கிழமைதான் சரிவரும் என்றார்கள். எங்கள் வான் பின்னேரம் தீவுக்குப் போகிறது. சேர் திரும்பி வரும்போது நோட்டீஸ் ஒட்டி முடிந்திருந்தால் எப்படி இருக்கும்! அந்த இரண்டு பிள்ளைகளும் என்னை மதிப்பாகப் பார்ப்பார்கள் அல்லவா? "கறுப்பு வெள்ளையிலையே அடியுங்கோ தம்பி" என்றேன். ஓரத்தில் கரை போடட்டோ என்று தம்பி கேட்டார். வடிவாயிருக்கும், போடுங்கோ என்றேன். அந்த அச்சகத்தில் பெரும்பாலும் என்ன அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை.

வாசகம் என்னுடையது. மனிசனை மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதியது. மேலே வட்டத்துக்குள் அவருடைய முகம். அதன் கீழ் பெரிய எழுத்தில், "சுருவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட திரு. மரியாம்பிள்ளை அவர்கள்." அதன் கீழ் வெள்ளையாக, நீளமாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை அவர் ஒரு வருடமாகப் பாவிக்கிறார் என்பது அடியில் சின்ன எழுத்தில். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை.

வாசிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்ச் சந்திகளில் மதிலுக்கு மதில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஒரு மனிதரை மரியாதையாக அறிமுகம் செய் என்றால் என் கைக்கு வந்த வாசகமே அதுதான். நாற்பது பிரதியும் வானில் ஏறின. சுவரில் ஒட்டி ஒருவரையும் மறித்துக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நான் பஸ்ஸுக்கு வெளிக்கிட, சுருவிலில் எங்கள் பெட்டிகளை விற்கும் கடைக்காரர் செல்வம் போன் எடுத்தார்.

"அக்கா, அடக்கம் எப்பவாம்?"

"ஆரின்ரை அடக்கம்?"

"மரியாம்பிள்ளை அண்ணையின்ரை. உங்கட கொம்பனிதானே அஞ்சலி அடிச்சு ஒட்டியிருக்கு. கஸ்டமருக்கும் அஞ்சலி போடுறாங்கள், நல்ல கொம்பனி எண்டு சனம் கதைக்குது."

ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். ஐயோ, மனிசன் போய்விட்டாரே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். பிறகுதான் அந்தக் கறுப்புக் கரை கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மாளாச்சி!

செல்வம் தொடர்ந்து சொன்னார். பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியதை யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்களாம். இருநூறு பேருக்கு மேல் அனுதாபம் எழுதியாயிற்றாம். ஊர்ப் பெடியன்கள் சடலம் தேடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களாம். மனைவி றெஜினா அக்கா யாத்திரை பஸ்ஸில் மடு மாதா கோயிலுக்குப் போயிருக்கிறார், அங்கேயும் சேதி போய்விட்டதாம். அண்ணையின் போன் போன கிழமை கடலில் விழுந்ததிலிருந்து வேலை செய்வதில்லை.

"யூட்டுக்குத்தான் அக்கா பாவம். தேப்பன்ரை முகத்தைப் பாக்காமல் இருக்கேலாதெண்டு நிக்கிறானாம். தானாத் திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைக்க, இண்டைக்குக் காலமை கந்தோருக்குப் போறானாம். என்ரை மகளுக்கு அவன்ரை அறையிலை இருக்கிற டெனிஸ் சொன்னவன்."

அங்கே ஒன்பது மணிக்குக் கந்தோர் திறந்தால் எங்களுக்குப் பன்னிரண்டரை. மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு மணித்தியாலம் இருந்தது. என் நோட்டீசால் ஒரு பிள்ளை இரண்டு வருடம் குளிரில் கிடந்து காத்த வழக்கைத் தன் கையாலேயே மூடப்போகிறான்.

டெனிசின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். மரியாம்பிள்ளை அண்ணை உயிரோடு இருக்கிறார், கடலுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

"அக்கா, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றான் டெனிஸ். "என்ரை அம்மப்பா செத்ததை எட்டு மாசம் எனக்கு மறைச்சவை. அப்பவும் இதைத்தான் சொன்னவை. சுகமாயிருக்கிறார், கடலுக்குப் போயிட்டார். யூட் வந்திடக்கூடாதெண்டு வீட்டுக்காரர் உங்களைச் சொல்லச் சொன்னவையோ?"

துண்டித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டில் வழக்கு முடியாமல் நிற்கிற பிள்ளைகளுக்கு இங்கே நடந்த சாவைச் சொல்லாமல் மறைப்பது எங்கள் ஊர்களில் நடக்கிறதுதான். அழுதுகொண்டு ஓடிவந்து எல்லாவற்றையும் இழந்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் நான் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லச் சொல்ல, அவர்களுக்கு மனிசன் செத்தது உறுதியாகிக்கொண்டே போனது. இனி அந்த மனிசனின் வாயால் வந்தால்தான் உண்டு.

நிரோஷன் சேருக்கு அழைத்தேன். முதல் நாள் இரவுதான் திரும்பியிருந்தார். நான் சொல்லி முடித்தேன். ஜன்னலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"சுவரிலை ஒட்டிப் பாத்தனீங்களோ?"

"இல்லை சேர்."

"சரி. அதைப் பிறகு கதைப்பம். அந்த மனிசன் இப்ப எங்கை?"

"இறுப்பிட்டிக் கரையிலை சேர்."

"நான் வானை அனுப்பி எல்லாத்தையும் கழட்டுவிக்கிறன். நீங்கள் மனிசனைப் பிடியுங்கோ. வேறை ஒண்டையும் யோசியாதையுங்கோ."

செல்வம் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றினார். நான் அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் ஏறியதே இல்லை. பாலத்தில் காற்று இழுத்த இழுப்பில் குடையும் போய்விட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. பத்தேகாலுக்கு இறுப்பிட்டிக் கரையில் நின்றோம். வாடி வெறுமையாக இருந்தது. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "பதினொண்டுக்கு வருவினம். சில நேரம் பன்னிரண்டு. காத்துப் பிடிச்சால் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

காற்றும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வேர்க்கும். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு அஞ்சலி அடித்துவிட்டேனே, அது பலித்துவிட்டால்? தூரத்தில் ஒரு படகு தெரியும், கிட்ட வர வேறு ஆட்களாக இருக்கும். செல்வம் சோடா வாங்கித் தந்தார். மூடியைக்கூடத் திறக்காமல் மணலில் வைத்தேன். பதினொன்றரைக்கு நான் அழத் தொடங்கிவிட்டேன், பச்சைப்பிள்ளை மாதிரி.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க அவருடைய படகு வந்தது. எங்கள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார்.

"என்ன பிள்ளை, அண்டைக்கு எடுத்த படம் போதாதே?" என்று சிரித்தார்.

செல்வம் கையில் கொண்டுவந்த நோட்டீசை விரித்தார். கண்ணாடி இல்லாததால் அண்ணை கையை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தானே கிடக்கு" என்றார். பிறகு முகம் மாறியது. "இது... ஆர் செத்தது?"

செல்வம் யூட்டின் கதையைச் சொல்லச் சொல்ல, பெட்டி அவர் தோளிலிருந்து மணலில் இறங்கியது. "தாங்கோ போனை" என்றார். டெனிசை அழைத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய் டெனிஸ், நான் மரியாம்பிள்ளை."

அண்ணை போனை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன, நம்பேல்லையோ? நீ வெளிநாடு போறதுக்கு முதல் நாள் என்ரை மோட்டார் சைக்கிளை மதிலிலை கொண்டுபோய் இடிச்சுப்போட்டு, அப்பாட்டைச் சொல்லாதையுங்கோ மாமா எண்டு அழுதனியே. நான் இண்டுவரைக்கும் ஆருக்கும் சொன்னனானோ?"

"மாமா!" அந்தக் கத்தலில் வலைக்காரரும் எழும்பிவிட்டார். "ஐயோ மாமா, அவன் எப்பவோ வெளிக்கிட்டுட்டான். எல்லாரும் எடுத்து எடுத்து அழுகினம் எண்டு போனையும் அறையிலை போட்டிட்டுப் போயிட்டான்."

"ஓடு. இந்த நிமிசம் ஓடு."

ரயிலில் நாற்பது நிமிடமாம். அண்ணை படகின் விளிம்பில் இருந்தார். பிடித்த மீனை யாரும் தொடவில்லை. பன்னிரண்டரை ஆயிற்று. பன்னிரண்டு நாற்பது. என் போனில் பற்றரி சிவப்புக்கு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்திருந்தாலே குறைந்துவிடும் போல இருந்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அப்பா." இது டெனிசின் குரல் இல்லை.

"ஓம் ராசா, நான்தான். கையெழுத்து வைச்சனியோ?"

"இல்லை. எனக்கு முன்னாலை இன்னும் ரெண்டு பேர்."

மணலில் அப்படியே இருந்துவிட்டேன். அங்கே அவன் விம்மி அழுதான். அண்ணை அவனை அழவிட்டார். பிறகு, அன்றைக்கு எவ்வளவு மீன் பட்டது என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"யூட், வடிவாக் கேள். இது பிழையா நடந்தது. உண்மையா நடக்கிற அண்டைக்கும் நீ வரக்கூடாது. உனக்கு மறைக்கமாட்டினம், நான் எல்லாருக்கும் சொல்லிவைப்பன். ஆனா நீ வரக்கூடாது. வழக்கு வெண்டு கார்ட் கிடைச்சாப்பிறகு வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்து. எனக்கு அது போதும். சரியே?"

அவன் சரி என்று சொல்லவில்லை. "அப்பா, அப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அதோடு என் போன் செத்துவிட்டது.

அண்ணை கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"படம் போட நான்தானே ஓமெண்டனான். அதுக்காக என்னைச் சாக்காட்டச் சொல்லி ஓமெண்டனானோ?" என்று கத்தினார். நன்றாக ஏசினார். எனக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. றெஜினா அக்கா மடுவிலிருந்து வந்து, வீட்டில் கதிரையில் இருந்த மனிசனைக் கண்டு, முதலில் அவருக்குத்தான் இரண்டு அடி போட்டாராம். என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. நியாயம்தானே.

அடுத்த இரண்டு நாளும் நோட்டீஸ் ஒட்டிய ஒவ்வொரு சந்திக்கும் நானே போய், கடை கடையாக நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். ஊர்காவற்றுறையில் சிரித்தார்கள், காரைநகரில் ஏசினார்கள். சனி பின்னேரம் நிரோஷன் சேரின் மேசைக்கு முன்னால் நின்றேன். கடிதம் கிடைக்காது, சொல்லிவிட்டுப் போவோம் என்ற எண்ணம். அவர் பென்சிலைப் படுக்கவைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"நான் கொழும்புக்குப் போகேக்கை இதை ஆர் பாக்கிறதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போட்டுப் போகேல்லை. அதை நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுத்திட்டன். நீங்கள் உங்கட பங்கைப் பயிற்சி அறிக்கையிலை எழுதுங்கோ. திருத்தாமல் எழுதுங்கோ அக்கா" என்றார். எழுதினேன். கடிதமும் கிடைத்தது, அதே கந்தோரில் வேலையும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு என் கையால் போன எந்த நோட்டீசும் ஒட்டி முடியும் வரை நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் போனிலேயே ஒரு நிமிடத்தில் நோட்டீஸ் செய்து ஆயிரம் பேருக்கு அனுப்புவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு ஐந்து வருடம் கழித்து, ஒரு மாரிகாலத்தில் மரியாம்பிள்ளை அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார். யூட்டுக்கு அப்போதும் கார்ட் கிடைக்கவில்லை. நான் சுருவிலுக்குப் போய் வீட்டுக்குள் ஒரு ஓரமாக நின்றேன். றெஜினா அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். செபம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் என் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"பத்மா அக்காவோ? நான் யூட்."

"சொல்லு தம்பி."

"அம்மா சொன்னவா. படமும் அனுப்பினவை. எனக்கு ஒருத்தரையும் நம்பேலாமல் கிடக்கு. நீங்கள் ஒருக்காப் பிழை விட்டனீங்கள், ரெண்டாந்தரம் விடமாட்டியள். சொல்லுங்கோ அக்கா. உண்மையோ?"

இல்லை என்று சொல்ல என் நாக்கு எவ்வளவு ஆசைப்பட்டது தெரியுமா.

"ஓம் தம்பி. உண்மை. நான் பக்கத்திலைதான் இருக்கிறன்."

பக்கத்தில் செபம் சொல்லி முடிந்தது. நான் போனை வைக்கவில்லை.

"சரியக்கா" என்றான். "அப்ப நான் வரேல்லை."

பிறகு, "போனைக் கொஞ்சம் அப்பாவுக்குக் கிட்டப் பிடிக்கிறியளோ?" என்று கேட்டான்.

பிடித்தேன்.